பக்கத்துத் தெருவில் எட்டு வயதிலேயே பிளாக் பெல்ட் கொடுக்கிறார்களே, நானும் கொடுக்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடமாக ஷோட்டோகான் என்ற ஸ்டைலில் கராத்தே கிளாஸ் நடத்துகிறேன். நான் இரண்டாம் டான், அதாவது பிளாக் பெல்ட்டில் இரண்டாம் நிலை. முதல் பேட்ச் பிள்ளைகளில் ஆறு பேர் இப்போது பிரவுன் பெல்ட், முதல் கியூ (பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய கடைசிப் படி). வயது 9, 10, 11, 11, 13, 15. பக்கத்துத் தெரு கிளாஸில் எட்டு வயதுப் பிள்ளைக்கு பிளாக் பெல்ட் கட்டிவிட்டார்கள். "எங்க பிள்ளைக்கு எப்போ மாஸ்டர்?" என்று பெற்றோர் நச்சரிக்கிறார்கள். இரண்டு பேர் பிள்ளையை அங்கே மாற்றிவிடப் போவதாகவே சொல்லிவிட்டார்கள். ஜூனியர் பிளாக் பெல்ட் என்று ஒன்று கொடுக்கலாமா? எந்த வயதில், என்ன டெஸ்ட் வைத்து? 16 வயதானதும் அது தானாக முழு பிளாக் பெல்ட் ஆகிவிடுமா?

பதில்:

அன்புள்ள மாஸ்டருக்கு,

கொடுக்கலாம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுதி வைத்த பிறகுதான் முதல் கேள்விக்கே வர வேண்டும். ஜூனியர் பிளாக் பெல்ட் என்பது பின்தேதியிட்ட காசோலை. எந்தத் தேதியில், என்ன நிபந்தனையில் அது பணமாகும் என்பது அதிலேயே இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கட்டிவிட்டால், 16 வயதில் ஒரு பையன் வந்து, "நாலு வருஷமா பிளாக் பெல்ட் கட்டுறேன், இப்போ எதுக்கு மாஸ்டர் திரும்ப டெஸ்ட்?" என்று கேட்பான். அவன் பக்கம் நியாயமும் இருக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று. நீங்கள் இரண்டாம் டான். பெரும்பாலான ஸ்டைல்களில் ஷோடான் (முதல் டான்) டெஸ்ட் நடத்தும் தகுதி அதைவிட மேலே இருப்பவர்களுக்குத்தான். ஆகவே உங்கள் கையெழுத்தில் "முதல் டான்" என்ற சொல்லே வரக்கூடாது, ஜூனியர் என்று முன்னால் ஒட்டவைத்தாலும்கூட. உங்களுக்கு டான் கொடுத்த அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள்: 16 வயதுக்குக் கீழே அவர்கள் தரும் நிலை உண்டா, உண்டென்றால் அதன் பெயர் என்ன, பதிவு எண் தருவார்களா? உண்டென்றால் அந்த வழியிலேயே போய்விடுங்கள். இல்லையென்றால், உங்கள் கிளாஸுக்குள் மட்டும் செல்லும் ஒரு நிலையாக இதை வையுங்கள். அப்படி என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். இடையில் "ஷோடான்-ஹோ" என்ற பெயரைத் தொடாதீர்கள். "ஹோ" என்றால் தற்காலிகம், தகுதிகாண் நிலை. பல இடங்களில் பெரியவர்களுக்கே அரைகுறையாகத் தேறும்போது அதைத் தருகிறார்கள். பிள்ளையின் வயதையும் தேர்ச்சிக் குறைவையும் ஒரே பெயரில் போட்டால் பின்னால் யாருக்கும் புரியாது.

இந்தக் கணக்கை மிக ஒழுங்காக எழுதி வைத்திருப்பது டேக்வாண்டோ. தென்கொரியாவின் சியோலில் உள்ள அதன் தலைமையகமான குக்கிவோன் 15 வயது நிறையாதவர்களுக்கு டான் தருவதில்லை, "பூம்" தருகிறது. பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. முதல் பூமிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு வருடம், அங்கிருந்து மூன்றாவதுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். 15 வயது நிறைந்ததும் விண்ணப்பித்து, அதே எண்ணுள்ள டானாக மாற்றிக்கொள்ளலாம். அங்கே இது செல்லுபடியாவதற்குக் காரணம், சான்றிதழ் ஒரே இடத்திலிருந்து எண் போட்டு வருகிறது, யாரும் சரிபார்க்கலாம். நேர் எதிர்த் துருவம் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. அதன் சர்வதேசக் கூட்டமைப்பில் 15 வயது வரை வெள்ளைக்கு மேலே சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை மட்டும்தான். நீலமே 16இல்தான். கறுப்புக்கு 19 ஆக வேண்டும். எந்தப் பெற்றோரும் அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கு பிளாக் பெல்ட் கேட்பதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று கிடையாது என்று சேரும் நாளிலேயே தெரியும்.

கராத்தேயில் இப்படி ஒரே விதி இல்லை. அதனால்தான் பக்கத்துத் தெருவில் எட்டு வயதில் கிடைக்கிறது. அவர்களோடு வயதில் போட்டி போட்டால் அடுத்து ஒருவர் ஆறு வயதில் கொடுப்பார். நீங்கள் போட்டி போட வேண்டியது தெளிவில்.

பெற்றோர் கூட்டத்தில் சொல்ல இரண்டு விஷயங்கள் உதவும். டான் முறையே கராத்தேயில் பிறந்ததில்லை. ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1883இல் தன் இரண்டு மாணவர்களுக்குக் கொடுத்ததில் ஆரம்பித்தது அது; ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனாகோஷி அதைக் கராத்தேக்குக் கொண்டுவந்தது 1924இல். ஷோடானில் வரும் "ஷோ" என்ற எழுத்துக்கு ஆரம்பம் என்றே பொருள். முடித்துவிட்டான் என்று கேக் வெட்டும் பெற்றோரிடம் இதை முதலில் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் பிள்ளைகள் செய்யும் ஐந்து ஹெய்யான் கட்டாக்களும் (கட்டா என்றால் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) இட்டோசு அன்கோ என்பவர் ஒக்கினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே அமைத்த பினான் கட்டாக்கள். அப்போது எந்தப் பிள்ளை இடுப்பிலும் கலர் பெல்ட் இல்லை. பெல்ட் இல்லாமலும் பிள்ளைகள் கற்றார்கள் என்பதற்கு அந்தக் கட்டாக்களே சாட்சி.

இனி வயது. ஜூனியர் பிளாக்குக்கு 12 நிறைவு, ஷோடானுக்கு 16 நிறைவு என்று வையுங்கள். 12 ஏன்? அதற்குக் கீழே உள்ள பிள்ளை கட்டாவை மனப்பாடமாகச் செய்யும். எதிரே வருபவரின் தூரத்தைப் பார்த்துத் தன் தூரத்தை மாற்ற வராது. வயது மட்டும் போதாது, வருகைப் பதிவேடும் பேச வேண்டும். வாரம் 3 கிளாஸ், பரீட்சை, ஊர்த் திருவிழா, மழை எல்லாம் போக வருடத்துக்கு 44 வாரம் என்றால் 132 கிளாஸ். நாலு வருடத்துக்கு 528. அதில் முக்கால் பங்கு வந்தால் கிட்டத்தட்ட 400. இந்த 400ஐக் கோடாகப் போடுங்கள். "நாலு வருஷமா வர்றான்" என்று சொல்லும் பிள்ளை சில சமயம் 210இல் நிற்பதைப் பதிவேடு காட்டிவிடும். நீங்கள் பெற்றோரிடம் வாதாட வேண்டியிருக்காது.

ஒன்பது வயதில் ஒரு பிள்ளை முதல் கியூவுக்கு வந்து நிற்கிறது என்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை, உங்கள் கிரேடிங் இடைவெளியில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட் வைத்தால் இரண்டரை வருடத்துக்குள் பத்தாம் கியூவிலிருந்து முதல் கியூவுக்கு வந்துவிடலாம். புதிதாகச் சேர்பவர்களுக்கு இப்படி மாற்றுங்கள்: பத்திலிருந்து ஆறாம் கியூ வரை நாலு படி, ஒவ்வொன்றும் 4 மாதம். ஆறிலிருந்து நாலு வரை இரண்டு படி, ஒவ்வொன்றும் 6 மாதம். பிரவுனுக்குள் மூன்று படி, ஒவ்வொன்றும் 10 மாதம். கூட்டினால் 58 மாதம். முதல் கியூவில் ஒரு வருடம் சேர்த்தால் 70 மாதம், ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை 12 ஆகும்போது ஜூனியர் பிளாக் வாசலில் நிற்கும். இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் நச்சரிப்பு பாதி குறையும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, கறுப்பு பெல்ட்டின் நடுவில் முழு நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு ஓட வேண்டும். நுனியில் மட்டும் கோடு போடாதீர்கள். நுனிக் கோடு டான் எண்ணிக்கையைக் காட்டும் இடம். ஒரு பிளேடு இருந்தால் பிரித்தும் விடலாம். சிவப்பு-கறுப்பும் வேண்டாம். டேக்வாண்டோவில் பத்து வயதுப் பிள்ளையின் நிறம் அது. ஜியு-ஜிட்சுவில் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் பெல்ட் ஏழாம் டிகிரிக்காரர் கட்டுவது!

சான்றிதழில் பிறந்த தேதி, வருகை எண்ணிக்கை, வரிசை எண், பரிசோதகர்களின் பெயரும் அவர்கள் டானும் வர வேண்டும். கீழே இந்த வாசகத்தைச் சேருங்கள்: "இது 16 வயது நிறையாத மாணவருக்கான நிலை. டான் தகுதி அன்று. கற்பிக்கவோ பெல்ட் டெஸ்ட் நடத்தவோ இது உரிமை தராது. 16 வயது நிறைந்து, கடைசி 12 மாதங்களில் குறைந்தது 80 வகுப்புகளுக்கு வந்தபின், அமைப்பு நடத்தும் ஷோடான் தேர்வில் தேறினால் இது டானாக மாறும்." பெற்றோரிடம் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். டெஸ்ட்டுக்கு முன்னாலேயே வாங்க வேண்டும். பெல்ட் கட்டிய பிறகு யாரும் படிப்பதில்லை.

தானாக மாறுமா என்று கேட்டீர்கள். குக்கிவோனில் விண்ணப்பித்தால் மாறும். உங்களைப் போல ஒரே ஆசிரியர் நடத்தும் இடத்தில் அப்படி விடக்கூடாது. 12 வயது உடம்பு செய்ததையும் 16 வயது உடம்பு செய்ய வேண்டியதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

இப்போது டெஸ்ட். நம் ஊரில் பிளாக் பெல்ட் டெஸ்ட் என்றாலே ஆயிரம் குத்து, நூறு தண்டால், மே மாத வெயிலில் ஐந்து மணி நேரம் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. அதில் தெரிவது பிள்ளையின் பிடிவாதம். டெக்னிக் இரண்டாவது மணி நேரத்திலேயே குலைந்துவிடும். மிச்ச நேரம் முழுக்கத் தப்பான அசைவையே பதிய வைக்கிறோம். இரண்டு காலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், ஆறு மணிக்குத் தொடக்கம், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். அது போதும்.

முதல் காலை கிஹோனும் (அடிப்படை அசைவுகள்) கட்டாவும். கிஹோனில் மாய் கேரி (முன் உதை), ஓய் சுகி (முன்னேறிக் குத்து), கியாகு சுகி (எதிர்க்கைக் குத்து) சேர்ந்த தொடர் ஒன்று. கிபா டாச்சியில் (குதிரை மேல் அமர்வது போன்ற நிலை) யோகோ கேரி (பக்க உதை). மவாஷி கேரி (சுழல் உதை), கியாகு சுகி. முன்னே ஐந்து, பின்னே ஐந்து. பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல. ஜென்குட்சுவில் (முன்கால் மடக்கி நிற்கும் நிலை) பின்கால் குதிகால் எழும்புகிறதா, இரண்டு பாதமும் கயிற்றில் நடப்பதுபோல ஒரே கோட்டில் வந்துவிடுகிறதா, கொகுட்சுவில் (பின்கால் மடக்கி நிற்கும் நிலை) எடை பின்காலில் இருக்கிறதா, ஹிகிதே (பின்னே இழுக்கும் கை) இடுப்பு வரை வருகிறதா, இவற்றை. பிள்ளைகள் கி (கராத்தே உடை) சட்டையில் "பட்" என்று சத்தம் வர முழங்கையைக் காற்றில் முழுசாக அடித்துப் பூட்டுவார்கள். பெற்றோர் அதற்குத்தான் கை தட்டுவார்கள். நீங்கள் அதற்கு மார்க் குறையுங்கள். முழங்கை வலி அங்கேதான் தொடங்குகிறது.

கட்டாவில், ஹெய்யான் ஐந்திலிருந்து சீட்டு எடுக்கச் சொல்லி இரண்டு, பிறகு டெக்கி ஷோடான், பஸ்ஸாய் டாய். (கட்டா பெயரில் வரும் ஷோடான் பெல்ட் நிலை அல்ல, முதலாவது என்று பொருள்.) ஹெய்யான் ஷோடான் 21 அசைவு, பஸ்ஸாய் டாய் 42. பிள்ளைகள் இவற்றைப் பாட்டுப் போலப் பிடித்து வைத்திருப்பார்கள்; முதல் அடி எடுத்துக் கொடுத்தால் கடைசிவரை ஓடிவிடும். அதனால் நடுவில் நிறுத்துங்கள். "ஹெய்யான் யோண்டானில் இந்த இடத்தில் யார், எங்கிருந்து, எதால் அடிக்கிறான்?" என்று கேட்டு, இன்னொரு பிள்ளையை நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். அல்லது ஹெய்யான் ஷோடானை இடம் வலம் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். மனப்பாடமும் புரிதலும் அந்த ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

இரண்டாம் காலை குமித்தே, அதாவது எதிராளியோடு மோதுவது. கிஹோன் இப்போன் (சொல்லி வைத்த ஒற்றைத் தாக்குதல்) இரண்டு பக்கமும், ஜியு இப்போனில் (அதையே சண்டை நிலையில் நின்று செய்வது) ஜோடான் (தலை உயரம்), சூடான் (உடம்பு உயரம்), மாய் கேரி. பிறகு ஒரு நிமிடச் சுற்று மூன்று, மவுத் கார்டு, மிட் (கையுறை), ஷின் கார்டு போட்டு. எதிராளியை பெல்ட் பார்த்துப் போடாதீர்கள். எடை வித்தியாசம் 5 கிலோவுக்குள் இருக்கட்டும். தலைக்குக் குத்து தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் மார்க் குறைவதோடு நிற்காமல், மூன்று முறை தொட்டால் அந்தப் பகுதி தேறவில்லை என்று வையுங்கள். கட்டுப்பாடுதான் இந்த நிலையில் தேடும் பொருள்.

ஓடு உடைப்பது, செங்கல் உடைப்பது, சிமெண்ட் தரையில் முட்டித் தண்டால், ஆண்டு விழாவில் கை மேல் பைக் ஏற்றுவது, இவற்றை 16க்குக் கீழே அடியோடு விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதிலும் அது மூடும். அதற்கு முன் அங்கே விழும் அடி, விரலையோ மணிக்கட்டையோ கோணலாகவோ குட்டையாகவோ வளரவிடலாம். ஓடு உடைந்த போட்டோ ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் நிற்கும்.

இந்த வயதில் உங்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. 12, 13 வயதில் ஒரு பையன் திடீரென்று உயர்வான். போன வருடம் அழகாக வந்த யோகோ கேரி இப்போது ஆடும், திரும்பும்போது தடுமாறுவான். சோம்பேறியாகிவிட்டான் என்று திட்டாதீர்கள். கால் நீளம் மாறிவிட்டது, மூளை புதுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் டெஸ்ட்டைத் தள்ளினால் சரியாகும். அதேபோல கிபா டாச்சியில் உட்கார மறுக்கும் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே, எலும்பு மேட்டில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால், வீங்கியிருந்தால், வளரும் வயதில் தசைநார் எலும்பைப் பிடித்து இழுப்பதால் வரும் பிரச்சினையாக இருக்கலாம். தவளைத் தாவலையும் ஆழமான உட்காரலையும் நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தப் பிள்ளையிடம் மன உறுதி பற்றிப் பேசுவது கொடுமை.

மூன்று பரிசோதகர்கள் இருக்கட்டும். ஒருவராவது வெளி கிளாஸ்காரர். நீங்கள் மார்க் போடாதீர்கள், கட்டளை மட்டும் கொடுங்கள். பணத்தில் ஒரே ஒரு ஒழுங்கு: டெஸ்ட் கட்டணத்தை முன்னால் வாங்குங்கள்; பெல்ட், சான்றிதழ் காசைத் தேறிய பிறகு வாங்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து முன்னாலேயே வாங்கிவிட்டால், தேறாதவனைத் தேறவில்லை என்று சொல்ல உங்கள் வாய் வராது. பெயர் பொறித்த பெல்ட் பீரோவில் தயாராக இருக்கும்போது பரிசோதகர் கையும் கட்டப்பட்டுவிடும்.

விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றி யாராவது கேட்பார்கள். கல்லூரி, வேலை இரண்டிலும் அங்கே எடைபோடுவது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழை. பெல்ட் சான்றிதழைக் காட்டி இடம் கேட்க முடியாது. இதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

பெரிய சிக்கல் 12க்கும் 16க்கும் இடையில். பெல்ட் வாங்கியாச்சு, இனி என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அந்த நாலு வருடத்துக்குள்தான் வருகிறது. ஆகவே வருடத்துக்கு ஒரு கட்டா கொடுங்கள்: ஜியோன், என்பி, கன்கு டாய், ஹங்கெட்சு. ஒவ்வொன்றுக்கும் சின்ன மதிப்பீடு, நோட்டில் கையெழுத்து. புது பெல்ட் வேண்டாம். ஜூனியர் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று ஏற்றிக்கொண்டே போனால், 16இல் அவனை ஷோடானுக்கு இறக்க வேண்டிவரும். அந்த இறக்கத்தை யாரும் பொறுக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை விடுப்பு என்று நீங்களே அறிவியுங்கள். அந்த மாதங்களை 80 வகுப்புக் கணக்கில் சேர்க்காமல், அதற்கு முந்தைய மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடுப்பு என்று பெயர் இருந்தால் திரும்பி வருவார்கள். நின்றுபோனால் நின்றுபோனதுதான்.

இந்தப் பிள்ளைகள் வார்ம்-அப் நடத்தலாம், வரிசை கட்டலாம், எண்ணிக்கை சொல்லலாம். இன்னொரு பிள்ளையின் காலைப் பிடித்துத் திருத்தக் கூடாது. நீங்கள் போன் பேச வெளியே போகும்போது கிளாஸை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டும் போகக்கூடாது.

உங்கள் ஆறு பேரை எடுத்துக்கொண்டால்: 15 வயதுப் பிள்ளைக்கு ஜூனியர் வேண்டாம். பொதுத்தேர்வு முடிந்து 16 நிறைந்ததும் நேராக அமைப்பின் ஷோடான் தேர்வுக்கு அனுப்புங்கள். ஒரு வருடத்துக்காக ஒரு பெல்ட் வாங்க வைப்பது வீண் செலவு. 13 வயதுப் பிள்ளைதான் உங்கள் முதல் ஜூனியர். பதிவேட்டில் 400 இருந்தால் இந்த வருடமே டெஸ்ட் வையுங்கள். அந்த டெஸ்ட்டை மற்றவர்களும் பெற்றோரும் உட்கார்ந்து பார்க்கட்டும். 11 வயது இருவருக்கும் அவர்கள் 12 நிறையும் மாதத்தை எழுதிக் கொடுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம், 9 வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் காத்திருப்பு. இடையில் ஐந்து ஹெய்யானையும் இடம் வலம் மாற்றிக் கற்கட்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு எதிராளியோடு விளக்கம் செய்யட்டும். அதுவே ஒரு வருட வேலை.

அந்த இரண்டு பெற்றோர் பிள்ளையை மாற்றத்தான் போகிறார்கள் என்றால் தடுக்காதீர்கள். எந்தத் தேதியில் எந்த கியூ, எத்தனை கிளாஸ், எந்தெந்தக் கட்டா என்று லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதி, சீல் வைத்துக் கையில் கொடுங்கள். எப்போது திரும்பி வந்தாலும் இதே முதல் கியூவில், இதே வரிசையில் வந்து நிற்கலாம் என்று கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.